முன்னே நடந்தவர்

தியான வேதபகுதி: அப்போஸ்தலர் 10:1-8, 24-33



கடந்த செவ்வாய்க்கிழமை அதிகாலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் சேகரகுருவாக ஊழியம் செய்த, தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சிற்றூரிலிருந்து. "ஐயா, மிலிட்டரி அண்ணாச்சி ராத்திரி கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சுட்டாக. அடக்க ஆராதனைக்கு நீங்க வரணும்னு அவுகளே சொல்லி வச்சிருந்தாக" என்றார் சபையின் கோயில்பிள்ளை. அன்று மாலைக்குள் நான் அங்கே இருந்தேன்.

ஊர் முனையில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. அதில் இருந்தது எழுபத்தேழு வயது முதியவரின் படம் அல்ல; இராணுவச் சீருடையில், அரும்பு மீசையோடு, புகைப்படக் கருவியைச் சற்றே பயந்து பார்க்கும் ஓர் இளைஞனின் படம். முன்னாள் படைவீரர்கள் சிலர் பதக்கங்களை அணிந்து வந்து, பெட்டியின் முன் நின்று சல்யூட் வைத்தார்கள். பேசியவர்கள் எல்லாரும் 1971ஆம் ஆண்டுப் போரைப் பற்றியே பேசினார்கள். அது தகுதியான மரியாதைதான். ஆனாலும் அவருடைய மகளும் மகனும் தலை குனிந்து அமர்ந்திருந்த விதத்தைப் பார்த்தபோது, அவர்கள் இழந்த மனிதரைப் பற்றி இன்னும் ஒருவரும் பேசவில்லை என்று எனக்குத் தோன்றியது. எனக்குக் கிடைத்த பத்து நிமிடங்களில் நானும் அதை முழுமையாகச் சொல்லி முடிக்கவில்லை. ஆகவே பிள்ளைகளின் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் தவிர்த்து, இந்த வாரத் தியானமாக அதை எழுதுகிறேன்.

அண்ணாச்சி 1967ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாம் வயதில் இராணுவத்தில் சேர்ந்தவர். பெங்களூரில் பயிற்சி பெற்று, 'மதராஸ் சாப்பர்ஸ்' என்று அழைக்கப்படும் பொறியாளர் படைப்பிரிவில் பணியமர்ந்தார். 1780ஆம் ஆண்டிலிருந்து தொடர்ச்சியான வரலாறுடைய படை அது. அதன் வீரர்களை இராணுவம் முழுவதிலும் 'தம்பி' என்றே அழைப்பார்கள். "வடக்க போனா எல்லாருக்கும் நான் தம்பி, ஊருக்கு வந்தாதான் அண்ணாச்சி" என்று அவர் சிரித்துக்கொண்டு சொல்லுவார்.

சாப்பர்களின் வேலை என்ன என்பதை நம்மில் பலர் அறியோம். பாலம் அமைப்பது, பாதை போடுவது, எதிரி புதைத்து வைத்த கண்ணிவெடிகளை அகற்றுவது ஆகியவை அவர்களுடைய பொறுப்பு. காலாட்படையும் டாங்கிகளும் போகவேண்டிய வழியில் அவர்களுக்கு முன்னே இவர்கள் போகவேண்டும்.

1971 டிசம்பரில் சகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் நடந்த போரைப் பற்றி நீங்கள் வாசித்திருக்கலாம். டிசம்பர் 15ஆம் தேதி இரவு நம் காலாட்படை ஆற்றைக் கடந்து அக்கரையில் இடம் பிடித்தது. அவர்களுக்குத் துணையாக டாங்கிகள் செல்லவேண்டும். இடையிலோ கண்ணிவெடிகள் நிறைந்த நிலம். மதராஸ் சாப்பர்கள் எதிரியின் குண்டு வீச்சுக்கு நடுவே அந்த நிலத்தில் பாதை திறந்தார்கள். வேலை முழுவதும் முடிவதற்கு முன்பே அவசரம் கருதி டாங்கிகள் கடந்து சென்றன. மறுநாள் நடந்த டாங்கிப் போரில்தான் இருபத்தொரு வயதான அருண் கேதார்பால் தம் உயிரைக் கொடுத்துப் பரம்வீர் சக்ரா விருதுக்குரியவரானார். அந்த இரவில் ஆற்றங்கரை மண்ணில் வயிறு தேய ஊர்ந்த 'தம்பி'களில் ஒருவராக நம் அண்ணாச்சியும் இருந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று.

நான் அந்தச் சேகரத்துக்கு வந்தது 2003ஆம் ஆண்டு. ஊழியத்தில் ஆர்வம் மிகுந்த வயது எனக்கு. அடுத்த ஜனவரியில், குடியரசு தினத்தை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போர் அனுபவத்தைச் சொல்லும்படி அவரை அழைத்தேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு வந்தார். பிள்ளைகள் கண்களை அகல விரித்துக் காத்திருந்தார்கள். அவரோ வடக்கே டிசம்பர் மாதக் குளிர் எப்படி இருக்கும், பனியில் விரல்கள் எப்படி மரத்துப்போகும், கண்ணிவெடியை எப்படித் தேடவேண்டும் என்று சொன்னார். ஒரு சிறுவன் பொறுமையிழந்து, "தாத்தா, வெடி வெடிச்சுதா?" என்று கேட்டான். அவர் சொன்னார்: "இல்லை ராசா. என் பக்கத்துல ஒண்ணும் வெடிக்கல. நாங்க வேலையை ஒழுங்காச் செஞ்சா ஒண்ணுமே நடக்காது. பின்னால வாரவன் பாட்டுக்கு நடந்து போயிருவான். அவனுக்கு நம்மளத் தெரியக்கூடத் தெரியாது."

பிள்ளைகள் ஏமாந்து போனார்கள். உண்மையைச் சொன்னால் நானும்தான். வீரக்கதை ஒன்றை எதிர்பார்த்திருந்த எனக்கு, "ஒண்ணுமே நடக்காது" என்பதில் என்ன பிரசங்கம் இருக்கிறது என்று விளங்கவில்லை. அதற்குள் இருந்ததை அவருடைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பல மாதங்கள் கேட்ட பிறகே புரிந்துகொண்டேன்.

1974இல் அவருக்குத் திருமணம். ஒரு மகள், ஒரு மகன். அவர் இராணுவத்தில் இருந்த இருபத்து நான்கு ஆண்டுகளில் குடும்பம் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தது. ஆண்டுக்கு இரண்டு மாத விடுப்பு. விடுப்பில் வரும்போதெல்லாம் முதல் வாரம் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்களாம். ஒருமுறை மூன்று வயது மகள், "அம்மா, இந்த மாமா எப்பப் போவாக?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். ஆனால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடி, திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

1991இல் பென்ஷனோடு வீடு திரும்பியபோது, இழந்த ஆண்டுகளை எல்லாம் ஈடுகட்டிவிடவேண்டும் என்று தீர்மானித்திருந்தார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். காலை ஐந்து மணிக்கு விசில் ஊதினார். பாய் மடித்த விதத்தைச் சோதித்தார். மகன் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் முற்றத்தில் நிற்க வைத்தார். பதினொரு வயதுப் பையன் பதினெட்டு வயதுவரை பொறுத்தான். 1998இல், ஒரு வாக்குவாதத்துக்குப் பின், யாரிடமும் சொல்லாமல் மும்பைக்கு இரயிலேறினான். மாதம் இரண்டு கழித்து அவனோடு வேலை செய்த ஊர்க்காரர் மூலம் முகவரி மட்டும் கிடைத்தது.

அந்த இரவு அவருடைய மனைவி சொன்ன வார்த்தையை அவர் என்னிடம் அப்படியே சொன்னார்: "நீங்க பட்டாளத்துல இருந்தப்ப என் பிள்ளைகளுக்கு எங்கேயோ ஒரு அப்பா இருந்தாக. நீங்க ஊருக்கு வந்த பிறகு இந்த வீட்டுக்கு ஒரு ஹவில்தார்தான் வந்திருக்காக. அப்பா இன்னும் வரல."

அன்பானவர்களே, எதிரியின் குண்டுக்கு முன் தலை நிமிர்ந்து நின்ற ஒருவர் தம் மனைவியின் வார்த்தைக்கு முன் என்ன செய்வார்? கோபப்படலாம். "நான் நாட்டுக்காக உழைத்தவன்" என்று சொல்லலாம். சொல்லியிருந்தால் ஊரில் யாரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள். அவர் அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டார். நான் அறிந்தவரையில் அவருடைய வாழ்வின் மிகப் பெரிய வீரச்செயல் அதுதான்.

மறுநாள் மகனுக்கு ஒரு கடிதம் எழுதி மனைவியிடம் தபாலில் சேர்க்கக் கொடுத்தார். அம்மையார் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். "இதுல உத்தரவுதான் இருக்கு." இரண்டாம் கடிதத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். "இதுல புத்திமதிதான் இருக்கு." மூன்றாவது கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், மாடு கன்று போட்டதையும், கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும், அம்மா செய்த கருப்பட்டிப் பணியாரம் இந்த முறை கொஞ்சம் தீய்ந்துபோனதையும் எழுதினார். அதை அம்மையார் தபாலில் சேர்த்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆராதனை முடிந்து வந்ததும் ஓர் இன்லண்ட் லெட்டர். "ஏன் வரவில்லை" என்று கேட்கவில்லை. "வா" என்றும் எழுதவில்லை. பதில் வரவில்லை, ஆனாலும் எழுதினார். ஒரு வாரம் அல்ல, ஓர் ஆண்டு அல்ல, நான்கு ஆண்டுகள்.

"எப்படி அண்ணாச்சி பொறுமையா இருந்தீங்க?" என்று நான் கேட்டேன். அவர் திண்ணையை விட்டு இறங்கி, மண்ணில் குந்தி உட்கார்ந்து, ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக் காட்டினார்.

"ஐயா, மண்ணுக்குள்ள வெடி இருக்கான்னு பார்க்க ஒரு கம்பி வச்சிருப்போம். இயந்திரம் எல்லாம் உண்டு. ஆனா கடைசியில கைதான் தேடணும். கம்பியை நேராக் கீழ குத்தக்கூடாது. நேராக் குத்துனா வெடியோட தலையில படும்; தொலைஞ்சோம். இப்படிச் சாய்ச்சு, மெள்ள, உள்ள விடணும். பக்கவாட்டுல இடிக்கும். அப்ப நிறுத்திக்கிட்டு, கையால மண்ணை விலக்கணும். ஒரு அடி முடிஞ்சா அடுத்த அடி. அவசரப்பட்டவன் எவனும் அக்கரை போய்ச் சேர்ந்ததில்ல. என் மகன் மனசுக்குள்ள நானே புதைச்சு வச்சதுதானே ஐயா அதெல்லாம்? ஏழு வருசம் புதைச்சேன். எடுக்க நாலு வருசம் ஆச்சு. குறைச்சல்தான்."

2002இல் மும்பையிலிருந்து மூன்று வரியில் ஒரு பதில் வந்தது. கன்றுக்குட்டி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தான். அந்தக் கன்று அதற்குள் தானே இரண்டு ஈற்று ஈன்றுவிட்டிருந்தது. அண்ணாச்சி அந்தப் பதிலைத் தம் வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். எனக்கு ஒருமுறை காட்டினார்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும். அந்நாட்களில் எனக்குக் கூட்டங்கள் அதிகம். உபவாச ஜெபம், உயிர்மீட்சிக் கூட்டம், பக்கத்துச் சேகரங்களில் செய்தி கொடுத்தல் என்று வாரத்தில் ஐந்து இரவுகள் வெளியே இருந்தேன். ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு மோட்டார் சைக்கிளில் திரும்பியபோது, குருமனைப் படியில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். என் நான்கு வயது மகளுக்குக் கடும் காய்ச்சல். என் மனைவி அழைத்ததின் பேரில் அவரும் அவருடைய மனைவியும் வந்து, பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டித் திரும்பியிருந்தார்கள். எனக்குத் தெரிவிக்க வழியில்லை.

நான் பதறிக்கொண்டு படியேறினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "பிள்ளை தூங்குது, எழுப்பாதீக. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதீக ஐயா. நான் வருசத்துக்கு ரெண்டு மாசம் லீவுல வந்த அப்பன். சர்க்கார் அவ்வளவுதான் கொடுத்தது. நீங்க இதே ஊர்ல இருந்துக்கிட்டு அந்த ரெண்டு மாசம்கூட வீட்டுக்கு வரலையே."

இறையியல் கல்லூரியில் நான் பல நல்ல ஆசிரியர்களிடம் கற்றவன். ஆயினும் அன்றிரவு குருமனைப் படியில் கற்றதை எந்த வகுப்பிலும் கற்கவில்லை. முதலில் மனம் கசந்தது. கர்த்தருடைய வேலையைத்தானே செய்கிறேன் என்று எனக்குள் வாதாடினேன். உள்ளே போனேன். என் மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அந்த மௌனத்தைக் கேட்ட பிறகு என் வாதம் நிற்கவில்லை. அந்த வாரமே இரண்டு கூட்டங்களை விட்டேன்.

பிற்காலத்தில் அவருடைய மனைவியைப் பக்கவாதம் தாக்கியது. நான் வேறு சேகரத்துக்கு மாற்றலாகிப் போயிருந்தேன். எனினும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்ப்பேன். ஆறு ஆண்டுகள் அம்மையார் படுக்கையில் இருந்தார்கள். படுக்கைப் புண் வராதபடி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரே புரட்டிப் படுக்க வைப்பார். மருந்து கொடுத்த நேரம், குடித்த கஞ்சியின் அளவு எல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இராணுவக் கையெழுத்தில் வரிசையாக இருக்கும். காலையில் தலைவாரிப் பின்னலிட்டு, பிச்சிப்பூ இருந்தால் சூட்டுவார். பின்னல் கோணலாக இருக்கும். அம்மையார் இடது கையால் அதைத் தொட்டுப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்று விசில் ஊதிய அதே மனிதரின் அதே ஒழுங்குதான் அது. கர்த்தர் அந்த ஒழுங்கை அவரிடமிருந்து எடுத்துவிடவில்லை. அதற்குள் இரக்கத்தை வைத்தார்.

இனி வேதபகுதிக்கு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரத்தில் செசரியா பட்டணத்தில் இருந்த கொர்நேலியு என்னும் நூற்றுக்கு அதிபதியைச் சந்திக்கிறோம். அவர் 'இத்தாலியா பட்டாளம்' என்று பெயர் பெற்ற படையைச் சேர்ந்தவர். புறஜாதியாருக்குச் சுவிசேஷத்தின் கதவு விரியத் திறந்தது இந்தப் பட்டாளத்தாரின் வீட்டில்தான். ஆனால் கவனியுங்கள்: அவர் எந்தப் போரில் வென்றார், எத்தனை பேரை வழிநடத்தினார் என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. தம் வீட்டார் அனைவரோடும் தேவனுக்குப் பயந்திருந்தார், ஏழைகளுக்குக் கொடுத்தார், இடைவிடாமல் ஜெபித்தார் என்றே எழுதுகிறார். பேதுரு வருகிறார் என்று அறிந்தபோது அவர் தனியே காத்திருக்கவில்லை. உறவினரையும் நெருங்கிய சிநேகிதரையும் வீட்டில் கூட்டி வைத்திருந்தார். தேவதூதன் ஜெபத்தையும் தர்மத்தையும் குறித்தே பேசினான். பரலோகத்தின் நினைவுப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்தது அதுதான்.

மனிதர் வைத்திருக்கும் நினைவு ஒன்று, தேவன் வைத்திருக்கும் நினைவு வேறொன்று. சுவரொட்டியில் 1971 இருந்தது, அது பொய்யல்ல. ஆனால் பதில் வராத ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதிய கடிதங்கள் எந்தச் சுவரொட்டியிலும் இல்லை. கோணல் பின்னலுக்கு யாரும் பதக்கம் தருவதில்லை. ஒரு தகப்பன் தன் கோபத்தை அடக்கியதால் உடையாமல் போன குடும்பம், ஒரு தாய் பொறுத்ததால் கெட்டுப்போகாத பிள்ளை ஆகியவற்றை யார் எண்ணிக் கணக்கு வைக்கமுடியும்? அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் பாதுகாப்பாக நடந்து போனார்கள், அவ்வளவுதான். அன்று ஓய்வுநாள் பள்ளியில் அண்ணாச்சி சொன்ன "ஒண்ணுமே நடக்காது" என்பதற்குள் இருந்த பிரசங்கம் இதுதான்.

எபிரெயர் நிருபத்தின் 6ஆம் அதிகார முடிவில் நம் ஆண்டவருக்கு 'முன்னோடினவர்' என்ற பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது. நாம் போகவேண்டிய இடத்துக்கு நமக்காக முன்னே போனவர் அவர். மரணம் என்னும் நிலத்தில் முதலில் கால் வைத்துப் பாதை திறந்தவர் அவர். அந்தப் பாதையில் எந்தக் காயமும் அடையாமல் நாம் நடக்கிறோம். அவர் கைகளிலோ காயம் இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் மற்றவருக்காக முன்னே நடக்கும்போதெல்லாம், அறிந்தோ அறியாமலோ அந்த முன்னோடினவரின் அடிச்சுவட்டிலேயே நடக்கிறோம்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்த பின், கல்லறைத் தோட்டத்தின் வேலியோரத்தில் மகன் என்னிடம் வந்தார். இப்போது அவருக்கும் நாற்பத்தைந்து வயது, காதோரம் நரைத்திருக்கிறது. "ஐயா, அப்பாவோட கடிதம் எல்லாம் என்கிட்ட இருக்கு. இருநூறுக்கு மேல. முதல் வருசத்துக் கடிதங்களை நான் அப்பப் பிரிக்கவே இல்ல. பெட்டிக்கு அடியில போட்டு வச்சிருந்தேன். பதில் எழுதின அன்னைக்கு ராத்திரிதான் எல்லாத்தையும் பிரிச்சேன்" என்றார். பிறகு சற்று நேரம் பேசாமல் நின்று, "என் பையன் இப்ப என்கூடப் பேசுறதில்ல ஐயா. பதினாறு வயசு. நேத்து ராத்திரி அப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தப்ப, அவனுக்கு என்ன எழுதுறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

நான் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய தகப்பனாரிடமிருந்து அதையாவது நான் கற்றிருக்கவேண்டும் அல்லவா? "கிணத்துல தண்ணி எவ்வளவு நிக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அழுதுகொண்டே சிரித்தார்.

அன்பானவர்களே, இந்த வாரம் உங்களில் யாராவது ஒருவர் நேராகக் குத்திக்கொண்டிருக்கும் கம்பியைச் சற்றே சாய்த்துப் பிடிக்கவேண்டியிருக்கலாம். வீட்டில் பேச்சு நின்றுபோன ஒருவர் இருக்கக்கூடும். குற்றத்தையும் கடமையையும் சிறிது ஒதுக்கி வைத்து, கன்றுக்குட்டியைப் பற்றி எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் அடுத்த ஞாயிறும் எழுதுங்கள். ஊழியக்காரராகிய என் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை: இன்றிரவு நேரத்தோடு வீட்டுக்குப் போங்கள்.

ஜெபம்:

எங்களுக்காக முன்னே சென்ற ஆண்டவரே, உம்முடைய ஊழியக்காரரின் நீண்ட வாழ்வுக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம். எல்லையில் அவரைக் காத்தீர். வீட்டில் அவரை உடைத்து, மீண்டும் உருவாக்கினீர். துயரத்தில் இருக்கும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆறுதல்படுத்தும். எங்கள் வார்த்தைகளால் நாங்களே புதைத்து வைத்தவற்றைப் பொறுமையோடு தோண்டி எடுக்க எங்கள் கைகளுக்கு நிதானம் தாரும். எங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் பயமின்றி நடக்கும்படி எங்களை நடத்தும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.